ஹைடெல்பெர்க்கில் ஜெர்மானிஸ்டிக் படிக்க வருகிறவர்களுக்கு: காலை வகுப்பிலிருந்து மாலைச் சொற்பொழிவு வரை

ஜெர்மன் மொழியையும் இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் துறைக்கு ஜெர்மனியில் ஜெர்மானிஸ்டிக் என்று பெயர். ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவர் கையில் இரண்டு பட்டியல்கள் கிடைக்கும். ஒன்று, கிரெடிட் புள்ளிகள் தரும் வகுப்புகளின் பட்டியல். மற்றொன்று, புள்ளி எதுவும் தராத மாலை நிகழ்ச்சிகளின் பட்டியல்: விருந்தினர் சொற்பொழிவுகள், தொடர் உரைகள், எழுத்தாளர்கள் தம் படைப்பை வாசிக்கும் கூட்டங்கள், ஆய்வரங்குகள். நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களில் பலர் முதல் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. வகுப்பில் இத்துறையின் முடிந்துபோன பேச்சைக் கேட்கிறோம், மாலையில்தான் அது இன்னும் முடியாத விவாதத்தில் இருப்பதைப் பார்க்கிறோம். இரண்டுக்கும் எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். ஹைடெல்பெர்க்கை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், இதில் பெரும்பகுதி ட்யூபிங்கனுக்கும் கோட்டிங்கனுக்கும் பெர்லினுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில்: துறையின் மூன்று கிளைகளைப் பிரித்தறியுங்கள்

நிகழ்ச்சி அறிவிப்பு எதைப் பார்த்தாலும் அது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பது தெரிய வேண்டும். ஜெர்மானிஸ்டிக் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இடைக்கால இலக்கியத்தை ஆராயும் மெடியவிஸ்டிக் ஒன்று. ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரையான புதிய இலக்கியம் இன்னொன்று. மூன்றாவது மொழியியல். முதலாண்டில் மூன்றிலும் ஓர் அறிமுக வகுப்பு கட்டாயம் இருக்கும், எனவே "எனக்கு நாவல்தான் பிடிக்கும்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

புதியவர்களை மிகவும் மிரட்டுவது மெடியவிஸ்டிக். சுமார் 1050 முதல் 1350 வரை வழங்கிய மிட்டெல்ஹோஹ்டாய்ட்ஷ் என்னும் நடுக்கால மேல்ஜெர்மன் மொழியில் மூலநூல்களைப் படிக்கச் சொல்வார்கள். பயப்படத் தேவையில்லை. முதல் வாரத்திலேயே கற்றுத்தரப்படும் ஒரு சொற்றொடர் உண்டு: 'மீன் நியூவெஸ் ஹூஸ்' என்று எழுத்தில் இருந்தது, இன்று 'மைன் நொயெஸ் ஹவுஸ்', அதாவது 'என் புது வீடு' என்று ஆகியிருக்கிறது. மூன்று நெடில் உயிர்கள் மூன்று கூட்டுயிர்களாக மாறியதை இந்த மூன்று சொற்களே நினைவில் நிறுத்திவிடும். இதைவிடக் கடினமானது, வடிவம் மாறாமல் பொருள் மாறிய சொற்கள். இன்று திருமணத்தைக் குறிக்கும் 'ஹோஹ்ட்ஸைட்' அன்று எந்தப் பெருவிழாவையும் குறித்தது. இன்று வேலை என்று பொருள்படும் 'ஆர்பைட்' அன்று துன்பத்தையும் பாடுபடுவதையும் குறித்தது, சுமார் 1200இல் உருவான நிபெலுங்கன் காவியத்தின் முதற்பாட்டிலேயே இச்சொல் அந்தப் பொருளில் வருகிறது. 'நாற்றம்' என்ற சொல் சங்கப் பாட்டில் நறுமணமாகவும் தெருவில் வேறொன்றாகவும் இருப்பதைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வரும் தமிழ் மாணவருக்கு இது புதிய அதிர்ச்சி அல்ல. சொல்லப்போனால், இந்த வகுப்பில் ஜெர்மன் மாணவர்களைவிட நாம் விரைவில் நிதானமடைகிறோம் என்பது என் எண்ணம்.

அடுத்து: பாட அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஒவ்வொரு வகுப்புக்கும் விளக்கக் குறிப்புடன் கூடிய அட்டவணை வெளியாகும். பழைய மாணவர்கள் இதைக் கா.ஃபவ்.ஃபவ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் வகுப்பின் தலைப்பை விட அதன் வகையை முதலில் பாருங்கள். ஃபோர்லேசுங் என்றால் பேராசிரியர் பேச மாணவர் கேட்கும் விரிவுரை. ப்ரோசெமினார் என்றால் தொடக்கநிலை மாணவர்கள் சிறு குழுவாக அமர்ந்து விவாதிக்கும் வகுப்பு. ஹவுப்ட்செமினார் அதன் மேல்நிலை. ஊபுங் என்பது பயிற்சி வகுப்பு. ட்யூட்டோரியம் என்பது விரிவுரையோடு இணைந்து மூத்த மாணவர் ஒருவர் நடத்துவது, இதில் கூச்சப்படாமல் எதையும் கேட்கலாம். ஓபர்செமினார், கோலோக்வியும் ஆகியவை முனைவர் பட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் தம் ஆய்வை முன்வைக்கும் இடங்கள். இவற்றில் அமர விரும்பினால் நடத்துபவரிடம் முன்னதாக ஒரு வரி எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்ததாகப் புள்ளிகளைப் பாருங்கள். இளநிலைப் பட்டத்துக்கு மொத்தம் 180, முதுநிலைக்கு 120, ஒரு பருவத்துக்கு 30 என்பது பொதுக் கணக்கு. ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 6 புள்ளி தரும் ஒரு செமினாரை எடுத்துக்கொண்டால், அது குறைந்தது 150 மணி நேர வேலை. வாரம் 90 நிமிடமாக 15 வாரம் வகுப்பில் உட்கார்ந்தாலும் 23 மணி நேரம்கூட ஆகாது. மீதி முழுவதும் நூலகத்திலும் உங்கள் அறையிலும் கழிய வேண்டியது. கால அட்டவணையில் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்று மகிழ்ந்து இன்னும் நான்கு வகுப்புகளைச் சேர்த்துக்கொள்பவர்கள் டிசம்பரில் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிடுவதை ஆண்டுதோறும் காணலாம்.

ஒரு சிறு நுணுக்கம். கோடைப்பருவத்தில் வியாழக்கிழமை வகுப்புகளை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இயேசுவின் விண்ணேற்ற நாளும் ஃப்ரோன்லைஹ்னாம் என்னும் நற்கருணைத் திருவிழாவும் எப்போதும் வியாழக்கிழமையிலேயே வரும், இரண்டும் ஹைடெல்பெர்க் இருக்கும் பாடன்-வ்யூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் விடுமுறை நாட்கள். ஏற்கெனவே குறுகிய பருவத்தில் இரண்டு வாரம் போய்விடும்.

நேரக் குறிப்பில் ஏமாறாதீர்கள்

அறிவிப்பில் '18 மணி' என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்று இரண்டு எழுத்துகள் இருந்தால் நிகழ்ச்சி 18.15க்குத் தொடங்கும். கும் டெம்போரே என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம் அது, 'நேரத்தோடு' என்று பொருள். அந்தக் கால் மணி நேரத்துக்கு 'கல்விக் கால்மணி' என்று பெயரே உண்டு. 'எஸ்.டி.' என்று இருந்தால் சினே டெம்போரே, சரியாக 18.00 மணிக்கே கதவு மூடப்படும். இரண்டும் இல்லாமல் '11–13' என்று மட்டும் போட்டிருந்தால் 11.15 முதல் 12.45 வரை என்று கொள்ளுங்கள்.

பேச்சு வழக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. 'ஹால்ப் ஸீபன்' என்று யாராவது சொன்னால், சொல்லுக்குச் சொல் 'அரை ஏழு'. தமிழ்க் காது அதை ஏழரை என்று எடுத்துக்கொள்ளும், உண்மையில் அது ஆறரை. நாம் கடந்துபோன மணியோடு அரையைச் சேர்க்கிறோம், அவர்கள் வரப்போகும் மணியில் பாதி ஆகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். தென்ஜெர்மனியில் இதையே நீட்டி, ஆறேகாலை 'கால் ஏழு' என்றும் ஆறேமுக்காலை 'முக்கால் ஏழு' என்றும் சொல்வார்கள். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் கேட்டுவிட்டு வந்த அனுபவம் எனக்கே உண்டு.

இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

துறை இயங்குவது பழைய நகரின் கிழக்குக் கோடியில், ஹவுப்ட்ஷ்ட்ராஸ தெருவில் கார்ல்ஸ்ப்ளாட்ஸ் சதுக்கத்தை ஒட்டிய பாலே புவாஸ்ஸெரே என்னும் மாளிகையில். புவாஸ்ஸெரே சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் இடைக்கால ஓவியச் சேகரிப்பை இங்குதான் வைத்திருந்தார்கள், அதைப் பார்க்க 1814லும் 1815லும் கோத்தே இங்கு வந்து தங்கினார். செமினார் வகுப்புகள் பலவும் இங்கேயே நடக்கும். படிகள் அதிகம், அறை எண்கள் புதியவரைச் சுற்றவிடும், ஆகவே முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள்.

பெரிய விரிவுரைகள் பல்கலைக்கழகச் சதுக்கத்தில் உள்ள நொய உனிவெர்ஸிடேட், அதாவது புதிய பல்கலைக்கழகக் கட்டடத்தில் நடக்கும். 1931இல் அமெரிக்க நன்கொடையில் எழுந்த கட்டடம் அது. அதன் வாயிலுக்கு மேல் 'உயிருள்ள ஆன்மாவுக்கு' என்று பொருள்படும் வாசகம் இருக்கிறது. அதை எழுதித் தந்தவர் இதே துறையின் பேராசிரியராக இருந்த ஃப்ரீட்ரிஹ் குண்டோல்ஃப். அவர் யூத மரபினர், 1931இலேயே காலமானார். நாஜி ஆட்சியில் அந்த வாசகம் 'ஜெர்மானிய ஆன்மாவுக்கு' என்று மாற்றப்பட்டது, போருக்குப் பின் பழையதே மீண்டது. இதே பல்கலைக்கழகத்தில்தான் 1921இல், பின்னாளில் நாஜிகளின் பிரசார அமைச்சரான யோசெஃப் கோயபெல்ஸ் ஜெர்மன் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றார் என்பதும் வரலாறு. துறையின் கடந்த காலம் பற்றி ஒரு சொற்பொழிவு அறிவிக்கப்பட்டால் அதைத் தவறவிடாதீர்கள். தன் குற்றத்தைத் தானே ஆராயும் ஒரு கல்வித்துறை எப்படிப் பேசும் என்பதை அங்கே கேட்கலாம்.

மூன்றாவது இடம், ப்ளோக் தெருவில் உள்ள பல்கலைக்கழக நூலகம். இடைக்கால ஜெர்மன் காதற்பாடல்களின் மிகப் பெரிய தொகுப்பான கோடெக்ஸ் மானெஸ்ஸெ ஓவியச் சுவடி இந்நூலகத்தின் உடைமை. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூரிச்சில் உருவான அது, நெடுங்காலம் பாரிசில் இருந்துவிட்டு 1888இல் ஹைடெல்பெர்க்குத் திரும்பியது. அதன் 137 முழுப்பக்க ஓவியங்களையும் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மெடியவிஸ்டிக் அறிமுக வகுப்புக்கு முன் ஒரு மாலை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனால், பிறகு வரும் இலக்கணப் பட்டியல்களைத் தாங்கிக்கொள்ளலாம்.

விரிவுரையில் எப்படி உட்கார்வது

ஃபோர்லேசுங் என்ற சொல்லுக்கு 'முன்னால் நின்று வாசித்தல்' என்று பொருள். அச்சுக்கு முந்தைய காலத்தில் ஆசிரியர் சுவடியை வாசிக்க மாணவர் எழுதிக்கொண்ட பழக்கத்தின் மிச்சம் அது. இன்றும் ஜெர்மானிஸ்டிக் பேராசிரியர்களில் பலர் எழுதிவைத்ததை வாசிக்கவே செய்கிறார்கள். ஆகவே நீங்கள் கேட்கப்போவது பேச்சு மொழி அல்ல, எழுத்து மொழி. தெருவிலும் கடையிலும் நன்றாகப் புரிகிற ஜெர்மன் இங்கே திடீரென்று புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான், உங்கள் தேர்வு மதிப்பெண் பொய் என்பதல்ல.

இதில் தமிழருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ஜெர்மன் துணைவாக்கியங்களில் வினை கடைசியில் வரும், ஆங்கிலம் வழியாக மட்டும் ஜெர்மன் கற்றவர்கள் அதற்காகக் காத்திருக்கத் தெரியாமல் நடுவில் நூலை விட்டுவிடுவார்கள். எழுவாயையும் செயப்படுபொருளையும் அடைமொழிகளையும் கையில் பிடித்துக்கொண்டு முற்றுவினைக்காகக் காத்திருப்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். ஆனால் தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் வந்து, அதன் முன்னொட்டு மட்டும் பிரிந்து வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காரும்போது நாமும் தடுமாறுவோம். அதற்குக் காதுப்பழக்கத்தைத் தவிர வேறு மருந்து இல்லை.

எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். சில இணைப்புச் சொற்களுக்கு மட்டும் காதைக் கூர்மையாக வைத்திருங்கள். 'ட்ஸ்வார்' என்ற சொல் வந்தால், பேசுபவர் பிறர் கருத்தை ஒப்புக்கொள்வதுபோல் தொடங்குகிறார் என்று பொருள். அதைத் தொடர்ந்து 'ஆபர்' வரும், அவருடைய சொந்தக் கருத்து அதற்குப் பிறகுதான் இருக்கிறது. 'ட்ஸ்வார்' பகுதியை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அதையே தேர்வில் பேராசிரியரின் வாதமாக எழுதியவர்களை நான் அறிவேன். 'டேஸ' என்ற சொல் காதில் விழுந்தால் பேனாவை எடுங்கள், முதன்மைக் கருத்து வருகிறது.

விரிவுரை முடிந்ததும் யாரும் கை தட்டமாட்டார்கள். எல்லோரும் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுவார்கள், அதுதான் பாராட்டு. முதன்முறை கேட்பவருக்கு ஏதோ எதிர்ப்புக் குரல்போல் தோன்றும். நீங்களும் தட்டுங்கள். அனுமதி பெறாமல் கைபேசியில் பதிவு செய்வது மட்டும் கூடாது, அதைக் கடுமையான அத்துமீறலாகக் கருதுவார்கள். உரையின் படவில்லைகளும் படிக்க வேண்டிய பகுதிகளும் பெரும்பாலும் மூடுல் (Moodle) போன்ற இணையக் கற்றல் தளத்தில் ஏற்றப்படும். முதல் வகுப்பில் சொல்லப்படும் கடவுச்சொல்லை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

செமினாரில் பேசுவது

விரிவுரையில் வருகைப் பதிவு அரிது. செமினாரில் நிலைமை வேறு: ஒரு பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் வராதவர்களுக்குப் பல ஆசிரியர்கள் புள்ளி தருவதில்லை. பொதுவாக ஒரு ரெஃபராட், அதாவது வகுப்பு முன் ஒரு சிற்றுரை தர வேண்டும். அதோடு ஓரிரு பக்கச் சுருக்கக் குறிப்பை அனைவருக்கும் கொடுக்க வேண்டும். பருவ விடுமுறையில் ஹவுஸ்ஆர்பைட் எனப்படும் கட்டுரையை எழுதித் தர வேண்டும். ப்ரோசெமினாருக்கு அது 12 முதல் 15 பக்கம் வரை இருக்கும்.

நூல்கள் வாங்கச் செலவு அதிகமில்லை. ரெக்லாம் பதிப்பகத்தின் மஞ்சள் அட்டைச் சிறுநூல்கள் ஒரு காபி விலையிலிருந்து கிடைக்கும். இந்த வரிசை 1867இல் கோத்தேயின் ஃபவுஸ்ட் முதற்பாகத்தோடு தொடங்கியது. 1837க்கு முன் இறந்த எழுத்தாளர்களின் பதிப்புரிமை அந்த ஆண்டுதான் முடிவுக்கு வந்தது. ஆனால் கட்டுரையில் மேற்கோள் காட்ட எந்தப் பதிப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார், அதை மீறாதீர்கள்.

நம்மில் பலருக்கு வாய் திறப்பதே சிக்கல். ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எளிதில் போகாது. இங்கே மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. மாணவர்கள் தமக்குள் 'டூ' என்று ஒருமையில் பேசுவார்கள், மூத்தவர் இளையவர் வேறுபாடு இல்லை, நீங்கள் அவர்களைப் பன்மையில் அழைத்தால் விலகி நிற்பதாக எண்ணுவார்கள். ஆசிரியரை 'ஸீ' என்ற மரியாதைப் பன்மையிலும், பெண்ணாயின் 'ஃப்ரவ்', ஆணாயின் 'ஹெர்' என்று குடும்பப் பெயருக்கு முன் சேர்த்தும் அழைக்க வேண்டும். நம் 'சார்', 'மேடம்' போலப் பெயரில்லாமல் விளிக்கும் சொல் இங்கு இல்லை. முறையான விளியோடு மாற்றுக் கருத்தைச் சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பருவம் முழுக்க மௌனமாக இருந்தால்தான் படிக்காமல் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.

ஐயம் பெரிதாக இருந்தால் ஷ்ப்ரெஹ்ஷ்டுண்ட எனப்படும் சந்திப்பு நேரத்தில் போங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் போல் இருக்கும், பலர் முன்பதிவு கேட்பார்கள். போகும்போது "என்ன எழுதலாம்?" என்று கேட்காமல், "இந்தக் கேள்வியை இந்த இரண்டு நூல்களை வைத்து எழுத நினைக்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

மாலை நிகழ்ச்சிகள்

இப்போது இரண்டாவது பட்டியல். இதில் காஸ்ட்ஃபோர்ட்ராக் என்று இருந்தால் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் விருந்தினரின் ஒற்றைச் சொற்பொழிவு. ரிங்ஃபோர்லேசுங் என்றால் ஒரே பொருளைப் பற்றி வாரம் ஒருவராகப் பேசும் தொடர், இதற்குப் பொதுமக்களும் வருவார்கள், அதனால் மொழி சற்று எளிதாக இருக்கும், புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. ஆன்ட்ரிட்ஸ்ஃபோர்லேசுங் என்பது புதிதாகப் பதவியேற்ற பேராசிரியரின் முதல் பேருரை. அவர் அடுத்த இருபது ஆண்டு என்ன செய்ய விரும்புகிறார் என்பதை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார், அவரிடம் ஆய்வு செய்ய எண்ணம் இருந்தால் கட்டாயம் போக வேண்டும். ஓய்வுபெறுபவரின் பிரியாவிடை உரை ஆப்ஷீட்ஸ்ஃபோர்லேசுங். என்னைக் கேட்டால், இருப்பதிலேயே இதுதான் சுவையானது. இழப்பதற்கு எதுவும் இல்லாதவர் தம் துறையைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார், சில பழைய சண்டைகளும் வெளியே வரும்.

பெரும்பாலான சொற்பொழிவுகளுக்குக் கட்டணமோ முன்பதிவோ கிடையாது. 'உள்ளே வரலாமா?' என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. முந்தின நாள் இரவு அரை மணி நேரம் ஒதுக்கி, பேசப்படும் நூலின் கதைச் சுருக்கத்தையும் பேச்சாளரின் முந்தைய கட்டுரை ஒன்றின் முதல் இரண்டு பக்கத்தையும் படித்துவிடுங்கள். புரிதல் பாதிக்குப் பாதி உயரும்.

உரை 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீளும், பிறகு கலந்துரையாடல். கையை உயர்த்தினால் நெறியாளர் தலையசைத்து உங்களைப் பட்டியலில் எழுதிக்கொள்வார். கூப்பிடும்வரை கையைத் தொங்கவிட்டுக் காத்திருக்கலாம், மறந்துவிடமாட்டார். முதல் கேள்விகளை எப்போதும் பேராசிரியர்களே கேட்பார்கள், அவற்றில் பாதி கேள்வி அல்ல, சிற்றுரைகள். அந்த நேரத்தில் உங்கள் கேள்வியை முழு வாக்கியமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுதியதைப் பார்த்து வாசிப்பது இங்கே குறையே அல்ல, பேச்சாளரே வாசித்துத்தானே பேசினார். உரைக்கு நன்றி சொல்லி, 'எனக்கு ஃபெர்ஷ்டென்ட்னிஸ்ஃப்ராக ஒன்று இருக்கிறது', அதாவது புரிந்துகொள்வதற்கான கேள்வி என்று தொடங்கினால், அது மாணவருக்கு உரிய மரபான வாசல். பேச்சாளர் நின்று நிதானமாக விளக்குவார். ஒரே ஒரு கேள்வி, ஒரு நிமிடத்துக்குள். தன் ஆய்வைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடிப்பவர்களைப் பார்த்து மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனியுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் 'நாஹ்ஸிட்ஸுங் உண்டு' என்று அறிவித்தால், பேச்சாளரோடு அருகிலுள்ள உணவகத்துக்குப் போகிறார்கள் என்று பொருள். மாணவர்களும் போகலாம். ஆனால் அவரவர் செலவு அவரவருடையது, யாரோ அழைத்தார்கள் என்பதற்காக அவர் கொடுப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். பணம் செலவழிக்க மனமில்லையென்றால் ஒரு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்ல போதும், அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். எந்த ஆவணக்காப்பகத்தில் என்ன கிடக்கிறது, எந்த உதவித்தொகைக்கு ஆள் இல்லை என்பதெல்லாம் மேடையில் அல்ல, இந்த மேசையில்தான் பேசப்படும்.

எழுத்தாளரைக் கேட்பது

லேசுங் என்பது எழுத்தாளர் தம் நூலிலிருந்து வாசிக்கும் கூட்டம். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு குவளை தண்ணீர், அவ்வளவுதான் ஏற்பாடு. நம் நூல் வெளியீட்டு விழாக்களைப் போலப் பொன்னாடையும் வாழ்த்துரையும் எதிர்பார்க்காதீர்கள். இதற்குப் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு உண்டு, மாணவர் அட்டையைக் காட்டினால் விலை குறையும். ஹைடெல்பெர்க் 2014 முதல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரங்களில் ஒன்று, ஆகவே பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் இத்தகைய கூட்டங்கள் நிறைய.

எழுத்தாளர்கள் தம் எழுத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் தொடராக உரையாற்றும் பொயேடிக் விரிவுரைகளும் உண்டு. இந்த மரபு ஃப்ராங்க்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தில் 1959இல் இங்கெபோர்க் பாஹ்மானின் உரைகளோடு தொடங்கியது. ட்யூபிங்கனில் 1996 முதல் இதுபோன்ற ஒன்று நடக்கிறது. ஃப்ராங்க்ஃபுர்ட் ஹைடெல்பெர்க்கிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான், மாலைக் கூட்டத்துக்குப் போய்விட்டு இரவே திரும்பலாம்.

ஹைடெல்பெர்க்கில் மட்டும் கிடைக்கும் ஒரு வாய்ப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்நகரம் 1993 முதல் இளம் எழுத்தாளர்களுக்கு க்ளெமென்ஸ் ப்ரென்டானோ பரிசை வழங்கிவருகிறது, பரிசுத்தொகை 10,000 யூரோ. கவிஞர்களான ப்ரென்டானோவும் ஆஹிம் ஃபொன் ஆர்னிமும் 1805 முதல் 1808 வரை நாட்டுப்பாடல் தொகுதியை வெளியிட்டது இந்த ஊரில்தான். பரிசின் நடுவர் குழுவில் தொழில்முறைத் திறனாய்வாளர்களோடு ஜெர்மானிஸ்டிக் மாணவர்களும் அமர்கிறார்கள். புதிய நூல்களைப் படித்து, இது ஏன் அதைவிட நல்லது என்று செய்தித்தாள் விமர்சகர் ஒருவர் முன் வாதிட வேண்டும். முதலாண்டிலேயே இதில் இடம் கிடைக்காமல் போகலாம், ஆனால் யார் எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று ஃபாஹ்ஷாஃப்ட் எனப்படும் துறை மாணவர் குழுவிடம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறையாவது மார்பாஹுக்குப் போங்கள்

பருவத்தில் எக்ஸ்குர்ஸியோன் என்ற கல்விப் பயணம் அறிவிக்கப்பட்டு, இடம் மார்பாஹ் ஆம் நெக்கார் என்று இருந்தால் உடனே பெயர் கொடுங்கள். 1759இல் கவிஞரும் நாடகாசிரியருமான ஷில்லர் பிறந்த சிற்றூர் அது. 1955இல் நிறுவப்பட்ட ஜெர்மன் இலக்கிய ஆவணக்காப்பகம் அங்குதான் இருக்கிறது. 1988இல் லண்டன் ஏலத்தில் வாங்கப்பட்ட காஃப்காவின் 'விசாரணை' நாவலின் கைப்பிரதி அங்கே உள்ளது. 2006இல் திறக்கப்பட்ட நவீன இலக்கிய அருங்காட்சியகத்தில் கைப்பிரதிகள் மங்கலான வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். கண் பழக இரண்டு நிமிடம் ஆகும், அடித்தல் திருத்தல்கள் அதன் பிறகுதான் தெரியத் தொடங்கும். துறைப் பயணம் இல்லாவிட்டாலும் ஷ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம்.

மாணவராகச் சேராதவர்களுக்கு

வேலைக்காகவோ குடும்பத்தோடோ ஜெர்மனி வந்தவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பட்டப்படிப்புக்கு வருகிறவர்களுக்கு பாடன்-வ்யூர்ட்டெம்பெர்க்கில் 2017-18 குளிர்ப்பருவம் முதல் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக்கட்டணம் உண்டு. ஆனால் கேட்பதற்கு மட்டும் அவ்வளவு தேவையில்லை. பருவத் தொடக்கத்தில் காஸ்ட்ஹோயெரர், அதாவது விருந்தினர் மாணவராகப் பதிவு செய்து, மிகக் குறைந்த கட்டணத்தில் விரிவுரைகளைக் கேட்கலாம், தேர்வு மட்டும் எழுத முடியாது. ஓய்வுபெற்ற ஜெர்மானியர்கள் முன்வரிசை முழுக்க அமர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள், அவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான். ஸ்டூடியும் ஜெனெராலே என்ற பொது உரைத்தொடருக்கும் ரிங்ஃபோர்லேசுங்குக்கும் பதிவே வேண்டாம்.

ஜெர்மன் இன்னும் கைவரவில்லை, ஆனால் பல்கலைக்கழகச் சொற்பொழிவு என்றால் என்னவென்று பழக வேண்டும் என்பவர்கள், 1962இல் தொடங்கப்பட்டுத் தமிழும் கற்பித்துவரும் இதே பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்துக்கு முதலில் போய் வரலாம். அங்கே விருந்தினர் உரைகள் பலவும் ஆங்கிலத்தில் இருக்கும், பட்டியலில் பெயர் எழுதுவதும் மேசையைத் தட்டுவதும் அங்கும் அப்படியேதான். குளிர்ப்பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவிலும் கோடைப்பருவ வகுப்புகள் ஏப்ரல் நடுவிலும் தொடங்கும். முதல் இரண்டு வாரங்களில் எந்த விரிவுரையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கதவை மட்டும் சத்தமில்லாமல் சாத்துங்கள்.